உயிருக்கு ஒண்ணும் ஆகாது

"நீ கொஞ்சம் வெளிய இரும்மா. அவர்ட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு அனுப்புறேன்" என்று டாக்டர் சொன்னதும் மாரீஸ்வரி எழுந்துகொண்டாள். எழுந்துகொள்வது பழகிப்போயிருந்தது. முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டுவார், கண்ணுக்குள் விளக்கடிப்பார், விரலைப் பாரு விரலைப் பாரு என்பார், மாத்திரையை விடாமப் போடுறியா என்பார், அவள் தலையாட்டுவாள், அதோடு அவள் வேலை முடிந்தது. மீதி வேலை ஆண்களுக்கு. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா உள்ளே இருந்தார், அவள் வெளியே இருந்தாள். அப்புறம் அப்பாவின் நாற்காலிக்குப் புருஷன் ஜோதிமுருகன் வந்தார், அவளுடைய பெஞ்சு மட்டும் மாறவில்லை. யாருக்கு வியாதியோ அவளை வெளியே அனுப்பிவிட்டு வியாதியைப் பற்றிப் பேசுகிற இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்த மகராசன் யாரோ, நன்றாக இருக்கட்டும். பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டு மாமனுக்குக் காது குத்துகிற மாதிரி. உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்டால் அப்பா சொன்னதும் இதுதான், புருஷன் சொல்வதும் இதுதான்: "ஒண்ணுமில்ல, மாத்திரைய ஒழுங்காப் போடச் சொன்னாரு." ஒன்றுமில்லாததைப் பேசவா இவ்வளவு நேரம் என்று அவள் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்க அவளுக்கு வாயும் கிடையாது, ஏனென்றால் இன்றைக்கும் தலையாட்டிவிட்டாள். போடுறியாம்மா என்று அவர் கேட்க, பூம்பூம் மாட்டுக்குப் போல அவள் தலை தானாக ஆடிவிட்டது. சிவகாசியிலிருந்து மதுரைக்கு வருகிற வழியெல்லாம் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம், சார் நான் ராத்திரி மாத்திரையைப் போடுவதில்லை, விருதுநகர் தாண்டும்போதுகூடத் தெளிவாக இருந்த வாக்கியம், பக்கத்து நாற்காலியில் புருஷன் தொடை மேல் கையை வைத்துக்கொண்டு பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் உள்ளேயே நின்றுவிட்டது. போன மாதமும் இந்த மாதமும் அவளுக்குப் பெரிய வலிப்பு வந்திருந்தது. ஒழுங்காக மாத்திரை போட்டும் வந்துவிட்டதே என்று நம்பிக்கொண்டு, உள்ளே இரண்டு பேர் இப்போது அவளுக்கு என்ன செய்வது என்று முடிவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பெஞ்சில் இடமிருந்தது. இரும்புப் பெஞ்சு, ஏசிக் காற்றில் குளிர்ந்துகிடந்தது, சில்லிப்பு சேலைக்குள் ஏறியது. எதிர்ச்சுவரில் டிவி, அதில் ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே கத்திரிக்காயை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள், சத்தத்தை யாரோ குறைத்துவைத்திருந்தார்கள். எண்ணெய்க்குப் பக்கத்தில் நின்று இப்படிச் சிரிக்க அவளுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று மாரீஸ்வரிக்குத் தோன்றியது, ஏனென்றால் மாரீஸ்வரி வடை சுட்டுப் பல வருஷமாகிறது, மாமியார் வாணலிப் பக்கம் விடுவதில்லை. டிவிக்குக் கீழே போஸ்டர் ஒட்டியிருந்தது. வலிப்பு வந்தவர் கையில் சாவி கொடுக்காதீர்கள். வாயில் கரண்டி திணிக்காதீர்கள். தண்ணீர் புகட்டாதீர்கள். படத்தில் விழுந்து கிடந்த ஆளுக்குச் சட்டை கசங்கவில்லை, செருப்புக் கழலவில்லை, ஏதோ களைப்பில் ரோட்டோரம் கண்ணயர்ந்தவன் மாதிரி கிடந்தான். அவள் எந்தத் தடவையும் அப்படி மரியாதையாக விழுந்ததில்லை. காலண்டர் ஆபீஸில் தினசரித் தாள்களை அடுக்கித் தட்டிக்கொண்டிருந்தவள், கண் விழித்தபோது தரையில் கிடந்தாள், மேலே முகங்கள், கைக்குள் சூப்பர்வைசருடைய பைக் சாவி. இன்னொரு தடவை ஷட்டர் பூட்டு, அதுவும் பூட்டோடு. இன்னொரு தடவை மெஷின் ஸ்பேனர், எண்ணெய்ப் பிசுக்கோடு, அந்தக் கறை ஜாக்கெட்டிலிருந்து போகவே இல்லை. ஊரில் இருக்கிற இரும்பு எல்லாவற்றையும் ஒரு தடவையாவது அவள் கையில் பிடித்திருப்பாள், எடைக்குப் போட்டிருந்தால் பணக்காரியாகியிருக்கலாம். கொடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் எரிச்சல். அவளைச் சுற்றிக் கெட்டவர்களே கிடையாது. கட்டிங் மெஷினிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள், நல்லதுக்குத்தான். தெருவைத் தனியாகத் தாண்ட விடுவதில்லை, நல்லதுக்குத்தான். ஒவ்வொரு தடவை விழுந்து எழுந்த பிறகும் அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள், சோடாவோடு சேர்த்துக் கொடுப்பதுபோல: பயப்படாத, இதுனால உயிருக்கு ஒண்ணும் ஆகாது. அப்பா சொன்னார், மாமியார் சொன்னாள், சூப்பர்வைசர் சொன்னார், உள்ளே இருக்கிற இதே டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார், உயிருக்கு ஒண்ணும் ஆகாதும்மா, தைரியமா இரு. அவளும் தைரியமாகத்தான் இருந்தாள். போஸ்டரை இன்னொரு தடவை மேலிருந்து கீழ்வரை படித்தாள். தூக்கம் என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை.

தைரியத்தால் வந்த வினைதான் எல்லாம் என்று இப்போது நினைத்துப் பார்த்தால் தெரிகிறது. ராத்திரி மாத்திரை என்பது மாத்திரை இல்லை, அது தலைக்குள் ஊற்றுகிற கஞ்சி. போட்டுப் படுத்தால் காலையில் எழுந்த பிறகும் பாதி மூளை பாயிலேயே கிடக்கும். பாலை அடுப்பில் வைத்துவிட்டு எதற்கு வைத்தோம் என்று நின்றிருக்கிறாள். ஆபீஸில் ஆவணிக்குப் பக்கத்தில் ஐப்பசியை அடுக்கி, அந்தக் கட்டு முழுவதையும் பிரித்துப் போட்டு, பேக்கிங் பெண்கள் எல்லாரும் பார்க்கத் திட்டு வாங்கியிருக்கிறாள். பேசிக்கொண்டே இருக்கும்போது ஒரு சாதாரண வார்த்தை, முறம் என்ற வார்த்தை, வராமல் போய்விடும், கையால் புடைத்துக் காட்டுவாள், எதிரே இருப்பவள் சிரிப்பாள். கொத்துக் கொத்தாக முடி கொட்டியது, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், வார்த்தை கொட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. பங்குனியில் ஒரு நாள் மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைக் குடித்து, புருஷன் டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பியதும் வாஷ்பேசினில் துப்பினாள். மறுநாள் காலை வானம் இவ்வளவு நீலமா என்றிருந்தது. அப்புறம் தினமும் துப்பினாள். ஆபீஸில் மாதங்கள் வரிசையாக வந்தன, முறம் முறமாகவே வந்தது, சூப்பர்வைசர் என்ன மாரீஸ்வரி சுறுசுறுப்பா இருக்க என்றார். திருட்டுத்தனம்தான், ஆனால் யோசிக்காமல் செய்த காரியம் என்று யாராவது சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். நன்றாக யோசித்துத்தான் செய்தாள். மாத்திரையை விட்டால் என்ன ஆகும், வலிப்பு வரும். வந்தால் என்ன ஆகும், விழுவாள், நாக்கைக் கடித்துக்கொள்வாள், கையில் ஒரு சாவி கிடைக்கும், மானம் போகும், போன மானம்தானே, எழுந்துவிடுவாள். உயிருக்குத்தான் ஒண்ணும் ஆகாதே. ஒரு நாள் மானம் போவதா, தினம் தினம் மூளை போவதா என்று தராசில் வைத்துப் பார்த்து எடுத்த முடிவு அது. தராசு சரியான தராசுதான். ஒரு தட்டில் வைக்க வேண்டிய கல்லை மட்டும் எல்லாருமாகச் சேர்ந்து ஒளித்துவைத்திருந்தார்கள் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

தெரியவைத்தவள் சுகப்பிரியா, அதற்காக அவள் செத்துப்போக வேண்டியிருந்தது. திருமங்கலத்துப் பெண், ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள், இதே பெஞ்சில்தான் பழக்கம். இரண்டு பேரையும் ஒரே மாதிரி வெளியே அனுப்புவார்கள், அவளுடைய அப்பாவும் இவளுடைய புருஷனும் மாறி மாறி உள்ளே போய்வருவார்கள், இவர்கள் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்பார்கள். "அக்கா, நம்ம ரெண்டு பேரு மண்டையையும் கழட்டிக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிருவமா, அவுகளே வச்சுப் பாத்துக்கிடட்டும்" என்பாள். நாக்கில் தழும்பைக் காட்டுவாள், இவள் உதட்டில் இருப்பதைக் காட்டுவாள், யாருடையது பெரிது என்று போட்டி. மாடியில் அவளுக்கென்று தனியாக ஒரு ரூம் கட்டிக் கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் அடம் பிடித்துக்கொண்டிருந்தாள், தம்பி லைட்டைப் போட்டுக்கொண்டு படிக்கிறான், அம்மா குறட்டை விடுகிறாள், இருபத்தாறு வயசாச்சு எனக்குன்னு ஒரு கதவு வேண்டாமாக்கா என்றாள். வேணும்டி, விடாத என்று மாரீஸ்வரியும் ஏற்றிவிட்டாள். அதையும் சேர்த்து யாரிடம் போய்ச் சொல்வது, தெரிந்திருந்தால் ஏற்றிவிட்டிருப்பாளா. போன மாதம் சும்மா பேசலாம் என்று போன் போட்டால் அவளுடைய அப்பா எடுத்தார். துக்கம் கேட்கப் போனபோது சுகப்பிரியாவின் அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள், மேலே ஏறாமலும் கீழே இறங்காமலும் நடுப்படியில். "மாத்திர தீந்துபோச்சு, ரெண்டு நாள் கழிச்சு வாங்கிக்கிடலாம்னு இருந்திருக்காம்மா. காலையில கதவைத் தட்டுறோம் தட்டுறோம் தெறக்கல. ஒடச்சுப் பாத்தா குப்புறக் கெடக்கா. தூக்கத்துலயே போயிட்டா, நல்ல சாவுன்னு வர்றவுக எல்லாம் சொல்றாக. இந்த வயசுல என்னம்மா நல்ல சாவு?" அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "இப்பிடி ஆகலாம்னு அவுக அப்பாட்ட டாக்டர் சொல்லியிருந்தாராம். மாத்திர ஒரு நாள் தப்பக் கூடாது, தனியாப் படுக்கவிடாதீங்கன்னு. ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான் ஆகும், அதனால பிள்ளைட்டச் சொல்லிப் பயமுறுத்த வேணாம்னு இவரு சொல்லல. எனக்கே சொல்லலையே, பொம்பள பயந்துருவாளாம். அவ ரூமு கேட்டு அழுதா, வேண்டாம்னா ஏன்னு சொல்லணும்ல, அதுக்குப் பயந்துட்டு கட்டிக் குடுத்துட்டாரு. அந்தத் தாப்பாளு இருக்குல்ல, அதை அவருதான் கடையில போயி வாங்கிட்டு வந்தாரு." திகைத்துப்போய் நின்றிருந்த மாரீஸ்வரியை அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "ஒன் வீட்டுக்காரர்ட்டயும் சொல்லியிருப்பாகளே தாயி. சொல்லலையா அவரு?"

சொல்லவில்லை. திரும்பிவந்த பஸ்ஸில் அவள் அந்த ஆயிரத்தையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஆயிரம் பேரில் ஒருத்தர் என்றால் டாக்டருக்கு அது சின்னக் கணக்கு, ஆயிரம் பேரையும் அவர் பார்க்கிறார், ஆயிரம் பேருக்கும் சிரிக்கிறார். அந்த ஒருத்தருக்கு மிச்சம் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதில் என்ன இருக்கிறது. அன்றைக்கிலிருந்து தூக்கம் பகையாகிவிட்டது. தூங்கினால் எழுந்திருப்போமா என்று இருக்கும், கண்ணைத் திறந்துகொண்டே கிடப்பாள், தூங்காமல் இருந்தால் வலிப்பு வரும் என்று அதே டாக்டர் அவளிடமே சொல்லியிருக்கிறார், அதைச் சொல்லலாம் போல, வலிப்பு வந்தால் அது தூக்கத்தில் வந்தால், அதற்காகத் தூங்காமல் இருந்தால், தூங்காததாலேயே வந்துவிட்டால். மாவாட்டுகிற கல் மாதிரி அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். மாத்திரையைத் திரும்ப விழுங்க ஆரம்பித்தாள், சில நாள் விழுங்குவாள், விழுங்கினால் மரக்கட்டை மாதிரி தூக்கம் அமுக்கும், இவ்வளவு ஆழமாகத் தூங்கினால் எப்படி மேலே வருவது என்று பயந்து மறுநாள் துப்புவாள், துப்பியதும் சுகப்பிரியாவின் அந்த இரண்டு நாள் ஞாபகம் வந்து மறுபடி விழுங்குவாள். விட்ட மாத்திரையைத் திடீரென்று முழுசாகப் போடலாமா, பாதி பாதியாகப் போட வேண்டுமா, அதுவும் தெரியாது. கேட்க வேண்டிய ஆள் உள்ளே இருக்கிறார், அவரிடம் கேட்கத்தான் அவளை விடுவதில்லை. தலையணையைப் பார்த்தாலே ஒரு கோபம் வரும். தலையணை என்றதும்தான் ஜோதிமுருகன், அங்கே வந்து அவள் நினைப்பு ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொண்டு நிற்கிறது. கல்யாணமான புதிதில் அவர் அவளுடைய இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்துப் பரணில் போட்டார், கழுத்துவலி வரும் என்றார், நம்பினாள். பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றினார், துருப்பிடித்துவிட்டது என்றார், நம்பினாள். தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போனால் எவ்வளவு நேரமானாலும் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார், கஞ்சன், ஒரு ராத்திரி தங்கி மொய் அதிகமாக வைக்க மனசில்லை என்று அவளே நாத்தனாரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். குப்புறப் புரண்டால் தோளைப் பிடித்துத் திருப்புவார். மூக்குக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுவந்து வைப்பார். பல தடவை அவள் விழித்துக்கொண்டு, விழித்ததைக் காட்டாமல் பார்த்திருக்கிறாள், எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார், அந்த முகத்தைப் பார்த்து அவள் அழுதிருக்கிறாள், இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டோமே என்று வருத்தப்படுகிறார் என்று. வேலை பார்க்கிற பேப்பர் ஸ்டோரில் மத்தியானம் அவர் மேஜையில் தலை சாய்த்துத் தூங்குவாராம், ராத்திரி வீட்ல அப்பிடி என்னப்பா வேலன்னு முதலாளி கேலி செய்வாராம். என்ன வேலை. பொண்டாட்டி மூச்சு விடுகிறாளா என்று பார்க்கிற வேலை.

இதெல்லாம் தெரிந்தபோது முதலில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அப்புறம் தண்ணீர் வற்றி எரிச்சல் வந்தது, எரிச்சல்தான் தங்கிவிட்டது. பாசம்தான், யார் இல்லை என்றார்கள். இத்தனை வருஷத்துப் பாசத்தில் ஒரு வார்த்தைக்கு இடமில்லாமல் போய்விட்டதே. பங்குனிக்கு அடுத்து வந்த சித்திரையில் புழுக்கம் தாங்காமல், தோளைத் தொட்டதற்குச் சண்டை போட்டு, என்னை நிம்மதியாத் தூங்க விடுறீங்களா இல்லையா என்று கத்தி அவரை ஹாலில் போய்ப் படுக்கச் சொன்னாள். போனார். கதவை மட்டும் சாத்தவிடவில்லை, வாசற்படியில் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார், தண்ணி குடிக்கப் போக வழியில்லாம இதென்ன ஆம்பளை என்று மாமியார்கூடத் திட்டினாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அந்த ராத்திரிகளில் அவள் வயிற்றில் மாத்திரை கிடையாது, அது அவருக்குத் தெரியாது, தூக்கத்தில் செத்துப்போகலாம் என்பது அவளுக்குத் தெரியாது, இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியை வைத்துக்கொண்டு படுத்திருந்தார்கள். இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பொய்க்காரி ஆவாள். மாமியார் அக்கம்பக்கத்துக்குச் சொல்லி மாய்ந்துபோவாள், நாக்குக்கடியில் வைத்து நடிச்சிருக்கா பாரு என்பாள். தினமும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கும். வேலைக்கு அனுப்ப மாட்டார்கள், வானம் நீலமாக இருந்த அந்தக் காலைகள் போய்விடும், திரும்பவும் தலைக்குள் கஞ்சி. சொல்லாவிட்டால் உள்ளே இன்னொரு மாத்திரை எழுதப்படும், போடாத மாத்திரைக்குத் துணைக்கு ஒரு மாத்திரை, அதையும் துப்பலாம், அல்லது இரண்டையும் சேர்த்து விழுங்கி என்ன ஆகிறது என்று பார்க்கலாம். டிவி அம்மாள் கத்திரிக்காயைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டாள், யாரோ ருசி பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார்கள். கதவருகே நின்றிருந்த நர்ஸ் பெண் அவளைப் பார்த்து, "என்னக்கா, வேர்க்குது ஒங்களுக்கு? ஏசியிலயா?" என்றாள். ஒன்றுமில்லை என்றாள் மாரீஸ்வரி. சொன்ன பிறகுதான் அது அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது தெரிந்தது. "ஒங்க வீட்டுக்காரரு வர நேரமாகும்க்கா. புது மாத்திர சேக்குறாரு, அதான் வெளக்கிட்டு இருப்பாரு. ஒங்களுக்கு மருந்துச் சீட்டு குடுக்கும்போது சொல்வாங்க, ஒக்காருங்க" என்றாள் நர்ஸ். "எனக்குச் சேக்குறதை எனக்குச் சொல்ல மாட்டாரா?" "அவர்ட்டச் சொன்னா ஒங்ககிட்டச் சொன்ன மாதிரிதானேக்கா." அந்தப் பெண்ணும் நல்ல பெண்தான், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மாரீஸ்வரி எழுந்தாள். கால் வலுவாகத்தான் இருந்தது. அக்கா கூப்பிடாமப் போகக் கூடாதுக்கா என்று நர்ஸ் கையை நீட்டுவதற்குள் கதவைத் தள்ளிவிட்டாள்.

நாற்காலியில் யாரும் இல்லை. சுவரோரம் நோயாளியைப் படுக்கவைத்துப் பார்க்கிற கட்டிலில் அவள் புருஷன் குப்புறக் கிடந்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார், முகம் ரெக்ஸினில் அழுந்தியிருந்தது, கைகள் இரண்டும் விலாவோடு கிடந்தன. ஒரு கணம் அவளுக்கு அது தான்தான் என்று தோன்றியது, இப்படித்தான் கிடப்போம் போல என்று. டாக்டர் குனிந்து ஒரு கையை அவர் தோளிலும் ஒரு கையை முட்டியிலும் வைத்திருந்தார். "வலிப்பு நின்னதும் தாமதிக்காதீங்க. இந்த முட்டிய இப்படி மடக்கிட்டு, தோளைப் பிடிச்சு ஒங்க பக்கமா இழுத்துரணும். ஒருச்சாஞ்சு கிடந்தா மூச்சு தடைபடாது. பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க, முழிப்பு வர்ற வரைக்கும் பக்கத்தை விட்டுப் போகாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். ஜோதிமுருகன் திரும்பினார். திரும்பிய முகம் வாசலில் நின்றவளை நேராகப் பார்த்தது.

"அம்மா, வெளிய இருக்கச் சொன்னேன்ல" என்றார் டாக்டர்.

"சார், நான் ராத்திரி மாத்திர போடுறதில்ல" என்றாள். வாக்கியம் பஸ்ஸில் இருந்த மாதிரியே வந்துவிட்டது. "பங்குனியில இருந்து போடல. இப்பக் கொஞ்ச நாளா ஒரு நாள் போடுறேன், ஒரு நாள் விடுறேன். அதனாலதான் வந்துருக்கும். புதுசா எதையும் சேக்காதீங்க. பழையதை எப்படித் திரும்பப் போடணும்னு எனக்குச் சொல்லுங்க. தலை மந்தமாகாம வேற மாத்திர இருக்கான்னும் சொல்லுங்க."

ஜோதிமுருகன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். கன்னத்தில் ரெக்ஸின் தையல் பதிந்திருந்தது. "தெனம் என் கையாலதானடி எடுத்துக் குடுத்தேன்."

"துப்பிருவேன்."

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க ஏன் எங்கிட்டச் சொல்லல? தூக்கத்துல செத்துப்போவேன்னு."

"அதெல்லாம் ரொம்ப அபூர்வமா நடக்கிறதும்மா" என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"திருமங்கலத்துச் சுகப்பிரியா ஒங்க பேஷண்ட்டுதான் சார்."

டாக்டர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். எழுதிவைத்திருந்த மருந்துச் சீட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். ஜோதிமுருகன் கண்ணாடியைத் தேடி மேஜையைத் தடவினார், கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "சொன்னா பயந்துருவியேன்னுதான் மாரீ" என்றார்.

"பயந்திருந்தா ஒழுங்காப் போட்டிருப்பேன்ல" என்றாள் மாரீஸ்வரி.